கம்பியும் பஞ்சும்

இ-சிகரெட் கடைக்கு முதல்முறை வருகிறவர் யாராக இருந்தாலும், "இருக்கறதுலயே நல்லது எது?" என்றுதான் ஆரம்பிப்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் டேங்குகள் வரிசையாக மின்னிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து விலை சொல்வது சுலபம். நான் எதையும் எடுக்காமல் மூன்று கேள்வி கேட்பேன். சிகரெட் பிடிக்கிறீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? கடைசிக் கேள்விதான் முக்கியம். எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைக்கிறவரின் உடம்பு நிக்கோட்டினுக்கு ஆழமாகப் பழகிவிட்டது. மதியம் சாப்பிட்ட பிறகு ஒன்று பிடிக்கிறவரின் நிலை வேறு. இருவருக்கும் ஒரே சாமானைக் கொடுக்க முடியாது. முதல் கேள்விக்கே "பழக்கமில்லை" என்று பதில் வந்தால் அடுத்த இரண்டும் வேண்டியதில்லை. புகைக்காதவருக்கு இந்தக் கருவியால் ஒரு நன்மையும் கிடையாது. அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவதுதான் இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

என் ஊர் ஆர்.கே.பேட்டை. திருத்தணிக்கு மேற்கே, சோளிங்கருக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, படாஸ்கர் குழுவின் முடிவுப்படி சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதி எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், சந்தையில் தெலுங்கு, தறிக்கொட்டகையில் இரண்டும். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று சுற்றிலும் தறிச் சத்தம்தான். அப்பா லுங்கி நெய்தவர். பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் இடைவெளியில் தறிக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். அந்தப் புகைக்கும் அவர்கள் இருமலுக்கும் நடுவே வளர்ந்தவன் நான். மின்னியலில் பட்டயம் படித்து, வேலை தேடி லண்டன் போய், ஈஸ்ட் ஹாம் பகுதியில் ஒரு வேப் கடையில், அதாவது இ-சிகரெட் கடையில், சேர்ந்தேன். சில ஆண்டுகளில் கடையின் பழுதுபார்க்கும் மேசை என் பொறுப்புக்கு வந்தது. அந்த மேசையில் நான் அதிகம் கையாண்டது ரீபில்டபிள் டேங்க். காயில் என்ற கம்பிச்சுருளையும் பஞ்சையும் பயன்படுத்துகிறவரே மாற்றிக் கட்டிக்கொள்ளும், திரவத்தை ஆவியாக்கும் ஆட்டமைசர் அது.

இந்தக் கருவிகளின் வரலாறு நீண்டதல்ல. அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1960-களிலேயே புகையில்லாத சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது சந்தைக்கு வரவில்லை. 2003-இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கியதுதான் இன்றைய இ-சிகரெட்டுக்கெல்லாம் மூலம். புகைப்பழக்கத்துக்கு அடிமையாக இருந்தவர் அவர். அவருடைய தந்தையும் புகைத்து நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். எல்லா வேப்பிலும் நடக்கும் காரியம் ஒன்றே. கம்பிச்சுருள் சூடாகிறது, அதன் நடுவே செருகிய திரி திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது, சூடு பட்ட திரவம் ஆவியாகி, காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக வாய்க்கு வருகிறது. எதுவும் எரிவதில்லை. சிகரெட்டின் கங்கு, இழுக்கும் நேரத்தில் 900 டிகிரி செல்சியஸை எட்டும். அந்த எரிதலில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களும் பிறக்கின்றன. வேப்பில் திரவம் ஆவியாக 200 டிகிரியை ஒட்டிய சூடு போதும். இதனால் வேப் தீங்கற்றது ஆகிவிடாது. புகையைவிடத் தீங்கு குறைவு, அவ்வளவுதான். அந்தக் குறைந்த தீங்கும், திரி நனைந்திருக்கும் வரைக்கும்தான். திரி காய்ந்த நிலையில் காயில் சூடேறினால் திரவமும் பஞ்சும் கருகி, பார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உண்டாகும். என் மேசை வேலையின் சாரமே திரியைக் காயவிடாமல் பார்ப்பதுதான்.

கடைகளில் அதிகம் விற்பவை, காயிலும் பஞ்சும் உலோகக் கூட்டுக்குள் அடைத்து வரும் ஆயத்தக் காயில்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஓடும். பிறகு தூக்கி எறிந்து புதிது போட வேண்டும். உள்ளே பஞ்சு எப்படி இருக்கிறது, எவ்வளவு கருகியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. ரீபில்டபிள் டேங்கில் மேல்கூட்டைத் திருகிக் கழற்றினால் முழுதும் தெரிந்துவிடும். நடுவில் ஒரு தளம். அதன்மேல் இரண்டு தூண்கள், கம்பியின் இரு கால்களையும் பிடிக்கத் திருகாணிகள். இரு பக்கமும் பஞ்சின் நுனி இறங்கும் கால்வாய்கள். காயிலுக்கு அடியில் காற்றுத் துளை. இத்தனையையும் மூடுகிற சிறிய கூடு, அதைச் சுற்றித் திரவம் நிற்கும் கண்ணாடிக் குழாய், உச்சியில் வாய்வைக்கும் முனை. கசியாமல் காக்க ஆங்காங்கே ரப்பர் வளையங்கள். அடியில் மின்கலப் பெட்டியோடு இணையும் மரை. 510 என்று வழங்கும் அந்த மரை அளவு பெரும்பாலான கருவிகளுக்குப் பொது.

யாருக்கு இது ஏற்றது? கையால் வேலை செய்யப் பொறுமை உள்ளவருக்கு. வாரத்தில் கால் மணி நேரம் ஒதுக்க முடிகிறவருக்கு. இனிமேல் சிகரெட் வேண்டாம் என்று முடிவெடுத்து, ஆயத்தக் காயிலின் செலவும் சுவையும் ஒத்துவராமல் மறுபடியும் சிகரெட்டுக்கே திரும்பிவிடுவோமோ என்று பயப்படுகிறவருக்கு. நேற்று வரை சிகரெட் பிடித்தவருக்கு முதல் நாளே இதைக் கொடுக்க மாட்டேன். முதலில் எளிய கருவி. சிகரெட் நின்ற பிறகு இது.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வருவார். வேன் ஓட்டுநர், ஐம்பதைத் தாண்டியவர். "சுருட்டு மணத்தோட வளந்தனான் தம்பி. பதினாறு வயசில துவங்கினது. எத்தினையோ தரம் விட்டுப் பாத்திட்டன், ஏலாமக் கிடக்கு" என்றார். முதலில் பாட் என்ற சிறிய, எளிய கருவி ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் சிகரெட் குறைந்தது, நிற்கவில்லை. இழுக்கும்போது சிகரெட்டின் இறுக்கம் இல்லை என்பதுதான் அவர் குறை. "அண்ணே, உங்களுக்கு டேங்கே மாத்தணும். ஆனா நீங்களே கட்டக் கத்துக்கணும், சரியா?" என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றப் பழகினார். கையில் சிகரெட் இல்லாத அந்த விரல்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. அடுத்த பொங்கல் நேரத்தில் வந்தவர், "கடைசியா எப்ப சிகரெட் பத்தினனான் எண்டு ஞாபகம் இல்லையடா தம்பி" என்றார். அன்று அவருக்கு நிக்கோட்டின் அளவை ஒரு படி குறைத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்ன அந்த இறுக்கம்தான் டேங்க் தேர்வில் முதல் அளவுகோல். சிகரெட்டை இழுப்பவர் முதலில் வாயில் நிரப்பி, பிறகு நெஞ்சுக்குள் இறக்குவார். அந்தப் பழக்கத்துக்குக் காற்றுத் துளை சிறிதாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துளைகள் போதும். ஹூக்காவைப் போல நேராக நெஞ்சுக்குள் இழுப்பவர்களுக்கு அகலமான துளையும் பெரிய காயிலும் அதிக மின்சாரமும் தேவை. புகையை விட வந்தவருக்குப் பெரும்பாலும் முதல் வகைதான் ஏற்றது. திரவம் குறைவாகச் செலவாகும், மின்கலத்துக்கும் சுமை குறைவு. துளை வளையத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அசையாமல் நிற்க வேண்டும், பைக்குள் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது.

இரண்டாவது, தளம். இரட்டைக் காயில் தளத்தைப் புதியவர் தொட வேண்டாம். ஒரு காயில், அகலமான இடைவெளி, தலை தேயாத நல்ல திருகாணி. சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகும்போது கம்பி நழுவி வெளியே பிதுங்காமல் இருக்கத் தூணில் தடுப்பு உண்டா என்று பார்ப்பேன். மூன்றாவது, கால்வாய். குறுகிய கால்வாயில் கெட்டித் திரவம் இறங்காது. அகன்ற கால்வாயில் நீர்த்த திரவம் நிற்காது. எந்தத் திரவம் பயன்படுத்தப்போகிறார் என்று தெரியாமல் கால்வாயைத் தேர்ந்தெடுக்க முடியாது. நான்காவது, உதிரிப்பாகம். ரப்பர் வளையம், கண்ணாடி, திருகாணி மூன்றும் ஓராண்டு கழித்தும் கிடைக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியில் உருவான கேஃபன் மாதிரியான டேங்குகளுக்கு வேப் உலகத்தில் பெரிய மதிப்பு உண்டு. பல பதிப்புகள் வந்துவிட்டன. பார்த்துச் செய்த மலிவு நகல்களும் ஏராளம். நகலில் மரையின் விளிம்பு கூராக இருக்கும். இயந்திர எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே ஒட்டியிருக்கும். அசலானாலும் நகலானாலும், புது டேங்கை முழுதும் பிரித்து, சோப்புக் கலந்த வெந்நீரில் கழுவி, அலசி, காயவைத்த பிறகுதான் வாயருகே கொண்டுபோக வேண்டும்.

இனி கம்பி. புதியவருக்கு நான் கொடுத்தது காந்தல். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். 1930-களில் ஸ்வீடனில் உருவாகி, அடுப்புச் சுருள்களில் உலகெங்கும் பரவியது. சூடேறும்போது அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் உண்டாகி உலோகத்தைக் காக்கிறது. நிக்ரோம் விரைவில் சூடேறும். ஆனால் அதில் நிக்கல் உண்டு, நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. டைட்டானியம் கம்பியைச் சிவக்கச் சூடாக்கவே கூடாது. வெப்பக் கட்டுப்பாட்டு முறையைப் புரிந்துகொண்டவர்களுக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொடுப்பேன்.

இங்கேதான் பாலிடெக்னிக்கில் படித்த ஓம் விதி எனக்குச் சோறு போட்டது. 28 கேஜ் காந்தல் கம்பியின் குறுக்களவு 0.32 மில்லிமீட்டர், மீட்டருக்குச் சுமார் 18 ஓம் மின்தடை. 2.5 மில்லிமீட்டர் கம்பித் தண்டின்மேல் ஆறு சுற்று சுற்றினால், கால்களையும் சேர்த்து ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கம்பி செலவாகும்; மின்தடை 1.1 ஓமுக்கு அருகே வரும். முழுதும் ஏற்றிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட். 4.2-ஐ 1.1-ஆல் வகுத்தால் நான்கு ஆம்பியருக்குள் மின்னோட்டம், 16 வாட் திறன். சிகரெட் போன்ற இறுக்கமான இழுப்புக்கு இது நல்ல தொடக்கம். அதே மின்கலத்தில் 0.2 ஓம் காயிலைப் போட்டால் மின்னோட்டம் 21 ஆம்பியர். பல மின்கலங்களுக்கு அது தாங்காத சுமை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டாமல் ஒருவருக்கும் கம்பிச்சுருள் விற்றதில்லை. கணக்குப் புரியாதவர் ஆயத்தக் காயிலோடு நிற்பதே நல்லது.

சுற்றுவது கடினமல்ல. தண்டின்மேல் கம்பியை இழுவை தளராமல், சுற்றுக்குச் சுற்று ஒட்டினாற்போலச் சுற்றி, இரு கால்களும் தளத்தின் தூணுக்கு நேராக வரும்படி நிறுத்த வேண்டும். தண்டு உள்ளே இருக்கும்போதே கால்களைத் திருகாணியில் மாட்டி இறுக்கி, மிச்சத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வெட்டிய நுனி மேல்கூட்டைத் தொட்டால் ஷார்ட். காற்றுத் துளைக்கு நேர் மேலே, தளத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டரை ஒட்டிய உயரத்தில் காயில் நிற்க வேண்டும். பிறகு மின்கலப் பெட்டியில் மாட்டி, திரையில் மின்தடை எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எண் நிலையாக இல்லாமல் ஏறி இறங்கினால் திருகாணி தளர்வு. நிலைத்த பிறகு குறைந்த வாட்டில் நொடிக்கொரு தரம் பொத்தானைத் தட்ட, காயில் மெல்லச் சிவக்கும். சிவப்பு நடுவில் தோன்றி இரு பக்கமும் சமமாகப் பரவினால் நல்ல காயில். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு ஒளிர்ந்தால் அங்கே சூடு தேங்குகிறது. பீங்கான் முனை இடுக்கியால் மெதுவாக அழுத்தியும் நீவியும் விட்டால் சீராகிவிடும். சாதாரண இரும்பு இடுக்கியைக் கொண்டு, பொத்தானை அழுத்தியபடி காயிலைத் தொடக் கூடாது.

அடுத்தது பஞ்சு. ஆர்.கே.பேட்டையில் வளர்ந்தது எனக்கு உதவியது இந்த இடத்தில்தான். கடையில் என்னோடு வேலை பார்த்த பலருக்குப் பஞ்சு என்றால் வெள்ளையாக ஒரு பொருள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பஞ்சின் குணம் கைக்குத் தெரியும். கச்சா நூல் சிட்டத்தைத் தண்ணீரில் போட்டால் உடனே மூழ்காது, மிதக்கும். பருத்தி இழையின்மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. அது நீரைத் தள்ளும். சாயம் போடுமுன் சிட்டத்தைக் காரம் சேர்த்த கொதிநீரில் வேகவைப்பது அந்த மெழுகை நீக்கத்தான். வெந்து அலசிய நூல் தண்ணீரில் இட்ட மாத்திரத்தில் மூழ்கும். சாயப்பட்டறைக்காரர் நூல் வெந்ததா என்று பார்க்கும் சோதனையே அதுதான். திரிக்கும் அதே சோதனை. ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். சட்டென்று முங்கினால் திரிக்கு ஆகும். மேலே நின்றால் எவ்வளவு சுத்தமான ஆர்கானிக் பஞ்சானாலும் ஆகாது. மருந்துக்கடைப் பஞ்சு உறிஞ்சும்; ஆனால் சிலவற்றில் வெளுப்பு மருந்தின் சுவை நாலைந்து இழுப்புக்கு நிற்கும். வெளுக்காமல், வேகவைத்து மட்டும் எடுத்த நீள இழைப் பஞ்சு சிறந்தது.

இழையின் திசையும் முக்கியம். பாவு நூல் போலப் பஞ்சின் இழைகள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே கிழித்தால் திரவம் ஓடும் வழி அறுந்துவிடும். நீளவாக்கில் ஒரு கீற்று பிரித்து, ஒரு நுனியை விரலில் நனைத்து முறுக்கி, காயிலுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். எவ்வளவு பஞ்சு? இழுக்கும்போது லேசான பிடிப்பு இருக்க வேண்டும், காயில் அசையக் கூடாது. காயிலும் கூடவே இழுபட்டால் பஞ்சு அதிகம். அது நனைந்து உப்பியதும் நடுவில் நெரிந்து திரவத்தைத் தடுக்கும். தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் பஞ்சு குறைவு. கம்பிக்கும் பஞ்சுக்கும் இடையே வெற்றிடம் விழுந்து அங்கே கருகும். செருகியபின் இரு பக்கமும் தளத்தின் விளிம்பு அளவுக்கு வெட்டி, நுனிகளை ஊசியால் வாரி விட வேண்டும். வாரும்போது கையோடு வருகிற உதிரி இழைகளை எடுத்துவிட்டால் நுனி மெலிந்து, திரவம் ஏறத் தோதாகும். கடைசியாக நுனிகளைக் கால்வாய்க்குள் இறக்கி வைக்க வேண்டும். திணிக்கக் கூடாது. கால்வாயின் வாய் பஞ்சால் மூடியிருக்க வேண்டும், அடைபட்டிருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒவ்வொருவர் விரலையும் பிடித்துக் காட்டித்தான் கற்பித்தேன்.

இந்த நுட்பத்துக்குக் காரணம் டேங்கின் உள்ளழுத்தம். மேலே இறுக மூடிய டேங்கில் திரவத்தின் மேற்பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. அதனால்தான் கீழே திறப்பு இருந்தும் திரவம் கொட்டிவிடுவதில்லை. இழுக்கும்போது காயில் அறையில் அழுத்தம் குறைந்து, கால்வாய் வழியே திரவம் திரிக்குள் ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கால்வாய் வழியாகவே ஒரு காற்றுக் குமிழி டேங்குக்குள் போகிறது. சில இழுப்புக்கொரு முறை கண்ணாடியில் குமிழி எழும்புவது நல்ல அறிகுறி. குமிழியே வரவில்லை என்றால் கால்வாய் அடைத்திருக்கிறது, காய்ந்த இழுப்பு வரப்போகிறது. களகளவென்று சத்தம் கேட்டால் பஞ்சு போதாமல் அறைக்குள் திரவம் வெள்ளமாகியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து பஞ்சில்தான்.

நிரப்புவதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் திரியின்மேல் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு முழுதும் நனைக்க வேண்டும். காற்றுத் துளையை மூடிவிட்டுத்தான் டேங்கை நிரப்ப வேண்டும். மூடியை இறுக்கிய பிறகே துளையைத் திறக்க வேண்டும். துளை திறந்திருக்க மூடியைத் திருகினால் உள்ளே அமுங்கும் காற்று திரவத்தைத் துளை வழியே தள்ளும். நிரப்பிப் பத்து நிமிடம் பொறுத்து, பொத்தானை அழுத்தாமல் வெறுமனே இரண்டு இழுப்பு. அதன் பின் குறைந்த வாட்டில் தொடக்கம். விமானத்தில் போகிறவர்களுக்கு டேங்கைக் காலியாக எடுத்துப் போகச் சொல்வேன். உயரத்தில் வெளியழுத்தம் குறைய, உள்ளிருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியேற்றிவிடும். கருகிய சுவை நாக்கில் பட்ட நொடியே நிறுத்திவிட வேண்டும். கருகிய பஞ்சு தேறாது, மாற்றத்தான் வேண்டும். இனிப்புக் கூடிய திரவம் என்றால் இரண்டு மூன்று நாளிலேயே காயிலில் கறுப்புப் பொருக்கு படியும். பஞ்சை எடுத்துவிட்டு, காயிலை மெல்லச் சிவக்கச் சூடாக்கி, ஆறியபின் தேய்த்தால் போய்விடும்.

திரவத்தில் இரண்டு அடிப்படை: புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். முன்னது நீர்த்தது, தொண்டையில் உறைக்கும். பின்னது கெட்டியானது, ஆவி அடர்ந்து வரும். சிறிய டேங்குக்குப் பாதிக்குப் பாதி கலந்த திரவமே சரி. பிரிட்டனில் 2016-இல் வந்த ஒழுங்குமுறைப்படி டேங்கின் கொள்ளளவு 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிக்கோட்டின் உள்ள குப்பி 10 மில்லிலிட்டருக்குள். வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டயாசெட்டிலுக்கு அங்கே தடை. 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களுக்கு நுரையீரல் பாதிப்புப் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தையில் கஞ்சாச் சாறு அடைத்து விற்ற குப்பிகளில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்தச் செய்தி வந்த வாரங்களில் பயந்துபோய் வந்த ஒவ்வொருவருக்கும் குப்பியின் முகப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். எண்ணெய் எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது. வீட்டில் திரவம் கலக்கக் கூடாது. நிக்கோட்டின் நஞ்சு, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

மின்கலத்தைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். 18650 என்பது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் கலம். சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் அதைப் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பற்றும். மேலுறை கிழிந்த கலத்தை அன்றே மாற்ற வேண்டும். மின்தடையை அளந்து, ஷார்ட் என்றால் மின்சாரம் தர மறுக்கிற பெட்டியோடுதான் ரீபில்டபிள் டேங்கைச் சேர்க்க வேண்டும். எந்தத் தற்காப்பும் இல்லாத வெறும் உலோகக் குழாய்ப் பெட்டிகளைக் கேட்டு வரும் இளைஞர்களுக்கு நான் விற்றதில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு நம்பிக்கை தந்தது ஓர் ஆய்வு. 2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. பிரிட்டனின் புகை நிறுத்த மையங்களுக்கு வந்த 886 பேரில் ஒரு பாதிக்கு நிக்கோட்டின் ஒட்டு, சூயிங்கம் போன்றவை. மறு பாதிக்கு நிரப்பிப் பயன்படுத்தும் இ-சிகரெட். ஓராண்டு கழித்துப் புகையின்றி இருந்தவர் முதல் அணியில் 9.9 சதவீதம், இரண்டாம் அணியில் 18 சதவீதம். ஏறத்தாழ இரு மடங்கு. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இ-சிகரெட்டால் வென்றவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் அதை விடவில்லை. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புகையை விட்டவர் பாதிவழி வந்தவர். மீதி வழியும் போக வேண்டும். அதனால் என் மேசைக்கு வருகிறவர்களின் நிக்கோட்டின் அளவைக் குறித்து வைத்து, 18-லிருந்து 12, 12-லிருந்து 6, 6-லிருந்து 3 என்று இறக்குவேன். ரீபில்டபிள் டேங்க் கட்டுகிறவர்களுக்கு இது எளிதாக வந்தது. எவ்வளவு போகிறது என்று அன்றாடம் கண்ணால் பார்க்கிறவர்கள் அவர்கள்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பளபளப்பான கருவிகள் வந்ததும் இந்தத் தொழிலின் முகம் மாறியது. பழ வாசனை, மிட்டாய் நிறம், பள்ளிப் பிள்ளைகளின் பை. திறக்க முடியாது, நிரப்ப முடியாது. மின்கலத்தோடு குப்பையில் போகும். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுவதும் அவற்றின் விற்பனை தடை செய்யப்பட்டது. என்னைப் போன்றவர்கள் அதை வரவேற்றோம்.

இப்போது ஊரில் இருக்கிறேன். இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் முழுச் சட்டமும் வந்து, இ-சிகரெட்டைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரப்படுத்த, இருப்பு வைக்கத் தடை. தயாரித்தோ விற்றோ முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் என் கருவிப்பெட்டியை லண்டனிலேயே ஒரு சக தொழிலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் சிலர் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து நீட்டுகிறார்கள். "மாமா, கருகுது, கொஞ்சம் பாருங்களேன்." நான் தொடுவதில்லை. "சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்பா. இதுக்குள்ள என்ன திரவம், யார் அடைச்சது? உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்பேன். கள்ளத்தனமாக வரும் கருவியில் முகப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சிகரெட்டே தொடாத பிள்ளைகள். அவர்களுக்கு இது விடுதலை அல்ல, புதுப் பிடிப்பு.

தறிக்கொட்டகைத் திண்ணையில் பீடி பிடிக்கிற என் வயதுக்காரர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "நீ சீமையில அத்தனை பேரை விட வச்சியாமே, எங்களுக்கு வழி சொல்லு." அவர்களிடமும் அந்த மூன்று கேள்வியில்தான் தொடங்குகிறேன். எழுந்தவுடன் பற்றவைக்கிறவர் என்றால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் சொல்லும் அளவில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கச் செய்கிறேன். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணை அவர்கள் கைப்பேசியில் பதிந்து கொடுக்கிறேன், கட்டணம் கிடையாது. பீடிக் கட்டில் தேதி எழுதச் சொல்கிறேன், எத்தனை நாளில் தீர்கிறது என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும் என்று.

கம்பியும் பஞ்சும் எனக்குக் கற்றுத் தந்ததும் அதுதான். உடம்புக்குள் போகிற ஒன்றைத் திறந்து பார்க்கவும் அளக்கவும் முடிகிறவரால் அதைக் குறைக்கவும் முடியும். குறைக்க முடிகிறவர் ஒருநாள் நிறுத்துவார். ஊரில் கருவி இல்லை, ஆனால் அளக்கும் பழக்கத்தைக் கொண்டுவர எந்தச் சட்டமும் தடையில்லை. இந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்து போக எங்கள் தெருவிலிருந்து பீடியை விட்ட ஒரு கூட்டத்தைத் திரட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருடைய பீடிக் கட்டிலும் தேதி எழுதியாகிவிட்டது.